ஓப்பன்எஸ்கேடோடு ஆறு ஆண்டுகள்: ஒரு குமிழும் அதன் விளிம்பும்

எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தின் டைமர் குமிழ் சென்ற மாதம் இரண்டாம் முறையாக உடைந்தது. 2019இல் முதல் முறை உடைந்தபோது தனிக் குமிழ் எங்கும் கிடைக்காமல், ஓப்பன்எஸ்கேட் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் ஏறத்தாழ நாற்பது வரி எழுதி, தெரிந்தவர் ஒருவரின் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுப் பொருத்தியிருந்தேன். இம்முறை அதே கோப்பைத் தேடியெடுத்து, சுவரின் தடிமனை 2 மில்லிமீட்டரிலிருந்து 3 என்று மாற்றி மறுபடி அச்சிடக் கொடுத்தேன், வேலை அவ்வளவுதான். இதைக் கேள்விப்பட்ட அலுவலக நண்பர், தாமும் இம்மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாமா என்று விசாரித்தார். அவருக்கு நின்ற நிலையில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியளிக்காததால், சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஓப்பன்எஸ்கேட் இலவசமானது, கட்டற்றது, சுட்டியால் வரைய விடாமல் எல்லாவற்றையும் நிரலாகவே எழுதச் சொல்வது என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு மகிழ்ச்சி தருவது, அந்தக் கோப்பு வெறும் உரைக்கோப்பு என்பதே. பழைய கோப்பைத் திறந்தபோது, தண்டுக்கான துளை 6 மில்லிமீட்டர், தட்டையான பக்கத்துக்கு 4.5 என்று மேலேயே எழுதியிருந்தது. அதன் அருகில் ‘தண்டு தேய்ந்திருக்கிறது, 0.1 குறைத்துப் பார்’ என்று எனக்கு நானே தமிழில் எழுதிவைத்த குறிப்பும் இருந்தது. எந்த அளவை ஏன் வைத்தேன் என்பதை அளவுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க முடிவதை, சுட்டியால் வரையும் மென்பொருள்களில் நான் இந்த அளவுக்கு இயல்பாகக் கண்டதில்லை.

இதற்கு மேல் புகழ மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் குமிழின் விளிம்பு நினைவுக்கு வந்துவிடுகிறது.

கையால் திருகும் பொருளின் விளிம்பு கூராக இருந்தால் விரலை உறுத்தும்; அதை மழுக்க வேண்டும். சுட்டியால் வரையும் ஃப்ரீகேட் போன்ற மென்பொருளில் விளிம்பைத் தொட்டு, ஆரம் 2 என்று கொடுத்தால் முடிந்தது. ஓப்பன்எஸ்கேடிலோ ‘இந்த விளிம்பு’ என்று சுட்டிக்காட்டவே வழியில்லை. உருளை, கனசதுரம், கோளம் ஆகியவற்றைக் கூட்டியும் கழித்தும் வெட்டியும் உருவாக்கலாமே தவிர, அப்படி உருவானதற்கு எத்தனை விளிம்புகள், அவை எங்கே என்பதை நிரலுக்குள்ளிருந்து கேட்டறிய முடியாது. எனவே புதிதாக வருபவர்கள் எல்லாரும் போய் நிற்கும் இடம் மின்கோவ்ஸ்கி என்னும் கட்டளை. ஒரு சிறு கோளத்தின் மையத்தைப் பொருளெங்கும் நகர்த்திச் சென்றால் அந்தக் கோளம் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அதுவே விடை என்று அதை விளக்கலாம். விளிம்பு அழகாக மழுங்கும்; கூடவே பொருளும் எல்லாப் பக்கமும் கோளத்தின் ஆரம் அளவுக்குப் பெருத்துவிடும். 20 மில்லிமீட்டர் உயரக் குமிழுக்கு 2 ஆரமுள்ள கோளத்தைக் கொடுத்தால் கிடைப்பது 24. துளை உள்ள பொருளாக இருந்தால் துளை அதே அளவு சுருங்கும். ஆகவே முன்கூட்டியே எல்லாவற்றையும் கழித்தும் கூட்டியும் எழுதிவைக்க வேண்டும்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம், காத்திருப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. எஃப்5 விசை விரைவான முன்னோட்டத்துக்கும் எஃப்6 முழுமையான கணிப்புக்கும் என்று பிரித்திருக்கிறார்கள் என்றாலும், மின்கோவ்ஸ்கி வந்துவிட்டால் முன்னோட்டத்துக்கே அந்தக் கணக்கை முழுதாகப் போட்டாக வேண்டும். குழிவுள்ள பொருளைக் குழிவற்ற துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டோடும் கோளத்தைச் சேர்த்து, பிறகு எல்லாவற்றையும் ஒட்டும் வேலை அது. கோளத்தை வழவழப்பாக்க அதன் பரப்பிலுள்ள சிறு தட்டை முகங்களைக் கூட்டக் கூட்ட வேலை பெருகும். ஓப்பன்எஸ்கேடின் 2021.01 பதிப்பு இதற்குச் சார்ந்திருந்த சிகல் என்னும் வடிவியல் நிரல் நூலகம், எண்களைத் தோராயப்படுத்தாமல் துல்லியமாகவே வைத்துக் கணிப்பது; அதனால் நம்பகமானது, அதனாலேயே மிக மெதுவானது. ஒரு முறை கட்டளையை ஓட்டிவிட்டு, குளித்து, சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் முன்னேற்றப் பட்டை பாதியில்தான் நின்றிருந்தது. அப்போதுதான் துளையின் அளவைத் தவறாக எழுதியிருந்ததும் கண்ணில் பட்டது.

நியாயமாகச் சொன்னால் நிலைமை இப்போது அப்படி இல்லை. 2021.01க்குப் பின் நிலையான வெளியீடு பல ஆண்டுகள் வராமலிருந்தாலும், வளர்ச்சிநிலைப் பதிப்புகளில் மேனிஃபோல்ட் என்னும் புதிய நூலகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்ததும் நிமிடக் கணக்கில் இழுத்த கூட்டலும் கழித்தலும் என் பழைய மடிக்கணினியில் ஓரிரு நொடிகளில் முடிந்தன. மின்கோவ்ஸ்கியின் சுமையும் குறைந்திருக்கிறது, ஆனால் அகலவில்லை. இடையில் நானும் அதைக் கைவிட்டு, எட்டு மூலைகளில் எட்டுக் கோளங்களை வைத்து ஹல் கட்டளையால் தோல் போர்த்துவது போல் மூடும் வழிக்கு மாறினேன். பெட்டிகளுக்கு அது மிகப் பொருத்தம். விரல் பிடிக்கப் பள்ளங்கள் வெட்டிய குமிழுக்கு உதவாது, ஏனென்றால் ஹல் பள்ளங்களையும் சேர்த்தே மூடிவிடும்.

வட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கங்களின் எண்ணிக்கையை நாம் குறிப்பிடாவிட்டால், 3 மில்லிமீட்டர் ஆரத் துளை பத்துப் பக்கங்களுள்ள பலகோணமாகவே வருகிறது. அதன் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம் 6 அன்று, சுமார் 5.7தான். 2019இல் முதல் குமிழ் தண்டில் ஏறாததற்கு அச்சுப்பொறியைக் குறை சொல்லி, அதன் உரிமையாளரிடம் வீணாக வாதிட்டேன். கையேட்டில் தெளிவாக எழுதியிருப்பதைப் படிக்காதது என் பிழை.

நண்பருக்கு வருவோம். அளவுகளை மாற்றி மாற்றி ஒரே பொருளைப் பல முறை செய்யவும், சமதளங்களும் துளைகளுமாக உள்ள தாங்கிகளைச் செய்யவும் இதைப் போல் எளிதான வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை. அட்டவணையாக உள்ள உயரத் தரவைக்கூட சர்ஃபேஸ் என்னும் ஒரே கட்டளையால் மேடுபள்ளமாக எழுப்பிவிடலாம். ஃப்ரீகேடில் முன்பு செய்த ஒரு படியைத் திருத்தினால் அதன் பிறகு மழுக்கிய விளிம்பின் அடையாளம் தொலைந்து வடிவமே உடைந்துபோகும் தொல்லை நீண்ட காலம் இருந்து, 2024இல் வந்த 1.0 பதிப்பில்தான் பெரிதும் தணிந்தது; ஓப்பன்எஸ்கேடில் அப்படியொரு தொல்லையை நான் சந்தித்ததே இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கற்றுக்கொள்ள வேண்டாம், ஃப்ரீகேடுக்கே போங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன். கையில் பிடிக்கும் பொருள்களைச் செய்ய விரும்புகிறவர் அவர்.

புதிய குமிழ் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. அதில் மின்கோவ்ஸ்கியும் இல்லை, ஹல்லும் இல்லை. கூரான விளிம்போடேயே அச்சிடச் சொல்லி, உப்புத்தாளால் ஐந்து நிமிடம் தேய்த்துப் பொருத்திவிட்டேன்.