ஒன்றா பலவா, அசலா அச்சா: சுவரில் படம் மாட்டுவோருக்கு ஓர் ஒப்பீடு

வீட்டுச் சுவருக்குப் படம் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ரசனையிலிருந்து தொடங்குகிறார்கள். ரசனை அவரவர் உரிமை. அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை. ஆனால் படம் பிடித்துப்போன பிறகும் கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பெரிதாக ஒன்று போதுமா, சிறியதாகப் பல வேண்டுமா? அசல் ஓவியமா, அச்சுப் பிரதியா? கண்ணாடியா, அக்ரிலிக் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடா, படத்தை மூடுவது எது? இவற்றுக்கான விடை படத்தைவிடச் சுவரிலும் அதன்மேல் விழும் வெளிச்சத்திலும்தான் அதிகம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் எதையும் வாங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அந்தச் சுவரைப் பாருங்கள். வெயில் நேராக விழுகிறதா, எதிரே ஜன்னல் இருக்கிறதா, அந்த இடத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்களா அல்லது நடந்தபடி கடந்துபோவீர்களா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய படமா, படக்கூட்டமா?

இரண்டு முறைகளுக்கும் பின்னால் வரலாறு உண்டு. பாரிஸின் சலோன் கண்காட்சி 1725 முதல் லூவர் அரண்மனையின் சதுர மண்டபத்தில் நடந்தது. கூரையைத் தொடும் வரை, பிரேமோடு பிரேம் உரச, சுவர் கண்ணுக்கே தெரியாதபடி ஓவியங்களை நிறைத்தார்கள். இன்று வீடுகளில் காணும் படக்கூட்டத்துக்கு அதுதான் மூதாதை. நியூயார்க்கில் 1929-இல் திறக்கப்பட்ட நவீன கலை அருங்காட்சியகம் இதற்கு நேரெதிரான வழியைப் பிரபலமாக்கியது. அதன் முதல் இயக்குநர் ஆல்ஃபிரெட் பார், வெளிறிய சுவரில், கண் மட்டத்தில், ஒரே வரிசையாக, படத்துக்குப் படம் தாராளமாக இடம்விட்டு மாட்டினார்.

பெரிய படம் அறையின் மறுகோடியிலிருந்தே ஆளை இழுத்து நிறுத்தும். கண் அலைய வேண்டியதில்லை. அறைக்கே ஓர் அமைதி வந்துவிடும். ஆனால் அளவு தவறினால் அந்தத் தவறை எதனாலும் மூட முடியாது. சோஃபாவுக்கு மேலே மாட்டுவதென்றால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது நம்பத்தகுந்த கணக்கு. 210 செ.மீ. அகல சோஃபாவுக்குச் சுமார் 140 செ.மீ. படம். அதே இடத்தில் 50 செ.மீ. படத்தைத் தனியாக மாட்டினால், அது எவ்வளவு நல்ல ஓவியமாக இருந்தாலும், பெரிய உறையில் ஒட்டிய அஞ்சல்தலையாகச் சுருங்கிவிடும். படத்தின் அடிப்பக்கத்துக்கும் சோஃபாவின் முதுகுக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும்.

படக்கூட்டம் அருகில் நின்று பார்ப்பதற்கானது. நடைவழியும் படிக்கட்டுச் சுவரும் அதற்கே உரிய இடங்கள். குறுகிய நடைவழியில் பெரிய படத்தை மாட்டினால் இரண்டடி பின்னால் போய் முழுதாகப் பார்க்கக்கூட வழியில்லை. சிறிய படங்களோ ஒவ்வொன்றாக நம் முகத்துக்கு நேரே வந்து பேசும். காசும் ஒரே நாளில் கையை விட்டுப் போவதில்லை. கூட்டம் மெல்ல வளரலாம்.

ஆனால் உழைப்பு அதிகம். ஒவ்வொரு பிரேமையும் செய்தித்தாளில் வைத்து, அளவுக்கு வெட்டி, அந்தக் காகிதங்களைக் காகித டேப்பால் சுவரில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். போகும்போதும் வரும்போதும் எது இடறுகிறது என்று தானாகவே தெரிந்துவிடும். படங்களுக்கிடையே 5 முதல் 8 செ.மீ. இடைவெளியைச் சீராக வைத்தால் பிரேம்கள் வெவ்வேறாக இருந்தாலும் கூட்டம் ஒன்றாக நிற்கும். இடைவெளி தாறுமாறாக இருந்தால் ஒரே மாதிரி பிரேம்கள் வாங்கியும் பயனில்லை. எதை எதனோடு சேர்ப்பது என்பதற்கு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள பார்ன்ஸ் அறக்கட்டளை என்ற கலைக்கூடம் அருமையான பாடம். அதை நிறுவிய ஆல்பர்ட் பார்ன்ஸ், பிரெஞ்சு ஓவியர்களான ரெனுவார், செசான் ஆகியோரின் ஓவியங்களுக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கீல்களையும் பூட்டுத் தகடுகளையும் மாட்டிவைத்தார். கீலின் வளைவும் ஓவியத்தில் உள்ள கையின் வளைவும் ஒன்றையொன்று கூப்பிடும். கருப்பொருளால் சேர்க்காமல் கோட்டாலும் நிறத்தாலும் சேர்த்த கூட்டம் இது. பூப்படங்களையெல்லாம் ஒரு பக்கம், நிலக்காட்சிகளையெல்லாம் மறுபக்கம் என்று பிரித்து அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆகவே உட்கார்ந்து பார்க்கும் அறைக்குப் பெரிய படம், கடந்துபோகும் இடத்துக்குக் கூட்டம். இரண்டில் எது என்று மனம் தீர்மானிக்காவிட்டால் ஒற்றைப் படத்தோடு தொடங்குங்கள். ஒன்றோடு மற்றவற்றைப் பிறகு சேர்க்கலாம்.

அசலா, அச்சா?

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். அச்சு என்றாலே நகல் என்று நினைப்பது சரியல்ல. ஓவியரே மரத்தில் செதுக்கியோ, செப்புத் தகட்டில் கீறியோ, கல்லில் வரைந்தோ எடுக்கும் அச்சுகள் ஒவ்வொன்றும் அசல் படைப்புகளே. அவற்றின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 12/50 என்பதுபோல் எழுதியிருக்கும். எடுத்த 50 பிரதிகளில் இது 12-ஆவது என்று பொருள். பக்கத்தில் கையெழுத்து இருக்கும். அசலின் உயிர்ப்பும் வேண்டும், ஆனால் கான்வாஸ் ஓவியத்துக்குக் கையிருப்பு போதாது என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே உள்ள ஓவியத்தைப் படமெடுத்து அச்சிடும் பிரதிகள் வேறு வகை. ஜிக்லே என்று விற்கப்படுபவையும் அடிப்படையில் இங்க்ஜெட் அச்சுகள்தான். பெயரில் மயங்காமல் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: நிறமித் துகள் கொண்ட மையா, கரையும் சாய மையா? காகிதம் அமிலமற்றதா? பொதுவாக நிறமி மை நீண்டகாலம் தாங்கும். சாய மை வெளிச்சத்தில் விரைவில் வெளிறும்.

கையால் தீட்டிய ஓவியத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் தூரிகை இழுத்த தடமும், வண்ணம் தடித்து நிற்கும் மேடும், மாலை வெளிச்சத்தில் அந்த மேட்டின் நிழலும் தெரியும். எந்தப் பிரதியும் அதைத் தராது. நான் அசலின் பக்கம் சாய்பவன். கையகல நீர்வண்ண ஓவியமானாலும் ஒருவர் கைபட்டது வீட்டில் இருக்க வேண்டும் என்பேன். ஆனால் சுவரில் வெயில் விழுகிறதென்றால் என் தீர்ப்பு அப்படியே மாறிவிடும்.

வெளிச்சம் செய்யும் சேதம் திரும்பாதது. டச்சு ஓவியர் வான்கோ 1888-இல் தன் படுக்கையறையைத் தீட்டியபோது சுவர்கள் வெளிறிய ஊதா நிறம் என்று கடிதத்தில் எழுதினார். இன்று அந்த ஓவியத்தில் சுவர்கள் நீலமாக இருக்கின்றன. ஊதாவில் கலந்திருந்த சிவப்பு நிறமி காலப்போக்கில் மங்கிப்போய்விட்டது. எண்ணெய் வண்ணத்துக்கே இந்தக் கதி. நீர்வண்ணமும் காகிதமும் இன்னும் மென்மையானவை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; அருங்காட்சியகங்கள் அவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சமும், எண்ணெய் ஓவியங்களுக்குச் சுமார் 200 லக்ஸும்தான் அனுமதிக்கின்றன. நேரடி வெயிலோ பல்லாயிரம் லக்ஸ். ஆகவே வெயில் படும் சுவருக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய பிரதி. நிழலான சுவருக்கு அசல். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

ஒரு மீட்டருக்கு 70 செ.மீ. அளவுள்ள, 2 மி.மீ. தடிமன் கண்ணாடி சுமார் 3.5 கிலோ எடை இருக்கும். அதே அளவு அக்ரிலிக் 1.7 கிலோவைத் தாண்டாது. விழுந்தாலும் சில்லுசில்லாகச் சிதறாது. பெரிய படத்துக்கும் குழந்தைகள் ஓடியாடும் அறைக்கும் அக்ரிலிக்தான். ஆனால் அது எளிதில் கீறும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் மங்கிவிடும். துடைக்கும்போது அதில் நிலைமின்சாரம் ஏறுவதால் பாஸ்டல் (வண்ணக் கட்டி), கரி ஓவியங்களின் துகள்களை மேலே இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடியே சரி. புறஊதாக் கதிரைத் தடுக்கும் வகை இரண்டிலுமே கிடைக்கிறது. அது மங்குவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டையில் கஞ்சத்தனம் கூடாது. பழைய பிரேம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: அட்டையின் வெட்டுவாய் பழுப்பாகியிருக்கும், படத்தின்மேல் அதே ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு படிந்திருக்கும். மரக்கூழ் அட்டையின் அமிலம் காகிதத்தில் இறங்கிய தடம் அது. அமிலமற்ற அட்டை இருந்தால் இந்தக் கோடு வராது.

எப்படி மாட்டுவது?

பெரும்பாலான வீடுகளில் படங்கள் தேவைக்கு மேல் உயரத்தில் தொங்குகின்றன. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. உயரத்தில் இருப்பது காட்சிக்கூடங்களின் வழக்கம். படம் 60 செ.மீ. உயரம், பின்புறக் கம்பியை இழுத்துப் பிடித்தால் அது பிரேமின் மேல்விளிம்புக்கு 5 செ.மீ. கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 145-உடன் பாதி உயரமான 30-ஐக் கூட்டி 5-ஐக் கழித்தால் 170; ஆணி அங்கேதான் வர வேண்டும். கூட்டமாக மாட்டினால் மொத்தக் கூட்டத்தையும் ஒரே படமாகக் கருதி இதே கணக்கைப் போடுங்கள்.

ஒரே ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிடுவது சுலபம். ஆனால் படம் அடிக்கடி சாயும். கம்பி தட்டையாக இழுபட்டிருந்தால் சுமையும் கூடும். கிடைமட்டத்திலிருந்து 30 பாகையில் நிற்கும் கம்பியின் ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடை அளவுக்கு இழுபடும். 10 பாகை என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. பிரேமின் இரு பக்கமும் வளையம் வைத்து, ரசமட்டம் பார்த்து, இரண்டு கொக்கிகளில் நேராக மாட்டினால் ஆளுக்குப் பாதி எடைதான், படமும் அசையாது. கான்கிரீட் சுவரில் சாதாரண ஆணி வளையும். துளையிட்டுப் பிளக் செருகித் திருகாணி போடுவதே நல்லது.

ஒட்டுப்பட்டைகள் வாடகை வீட்டுக்காரர்களுக்கு வரம்தான், ஆனால் வழுவழுப்பான பெயின்ட் சுவரில், எடை குறைந்த படத்துக்கு மட்டும். சுண்ணாம்புப் பூச்சிலோ, பொடி உதிரும் சுவரிலோ அவற்றை நம்பாதீர்கள். வெளிச்சுவரில் ஈரம் ஊறும் என்றால், எப்படி மாட்டினாலும், பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு சிறிய ரப்பர் குமிழ்களை ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போய்வந்தால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது.