கர்ப்பப்பை இறங்கியதற்கான ஆபரேஷனுக்குப் பிறகு: மகள் வீடா, நம் வீடா?

எனக்கு 66 வயது. சென்னை தண்டையார்பேட்டையில் முதல் மாடியில் வீடு. கர்ப்பப்பை கீழே இறங்கி, அதை எடுத்துவிட்டு, முன்பக்கம் மூத்திரப்பையும் பின்பக்கம் மலக்குடலும் சரிந்திருந்ததையும் தைத்துச் சரிசெய்து பதினான்கு வாரம் ஆகிறது. ஆபரேஷனா, கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வைக்கும் வளையமா என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. வளையத்தை இரண்டு வருடம் வைத்துப் பார்த்தாயிற்று. சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றப் போக வேண்டும். கடைசியில் உள்ளே புண்ணாகிவிட்டது. என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி வேறு. டிஸ்சார்ஜ் ஆனதும் எங்கே போய்ப் படுப்பது?

மகள் விம்கோ நகரில் இருக்கிறாள். "மூணு மாசம் இங்கயே இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் என் வீட்டுக்கே வந்தேன். அது சரியான முடிவு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மகள் வீட்டில் நான் இருந்தது மொத்தம் நான்கு நாள்தான். அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

வசதி என்று பார்த்தால் மகள் வீடுதான். லிஃப்ட் இருக்கிறது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது, வேளைக்குச் சூடாகச் சோறு வரும். எங்கள் வீட்டில் ஏறி வரப் பதினாறு படி. இந்தியன் டாய்லெட். தண்ணீர் கீழே அடிபம்பில், காலையில் வரும் நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. வீட்டில் நானும் வீட்டுக்காரரும் மட்டும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 71, அவருக்கும் முட்டிவலி. இதைக் கேட்ட எல்லோருமே மகள் வீட்டுக்குப் போ என்றுதான் சொன்னார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் முதல் வாரத்தை நினைத்துச் சொன்னார்கள். இந்த ஆபரேஷனில் முதல் வாரம் பெரிய விஷயமே இல்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துதான் எனக்குச் செய்தார்கள். உள்ளே அடைத்து வைத்திருந்த துணியையும் மூத்திரக் குழாயையும் அடுத்த நாளே எடுத்துவிட்டார்கள். வெளியே வயிற்றில் கீறல் இல்லை. பத்து நாளில் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. மூன்றாவது வாரம் கண்ணாடியில் பார்த்தால் எனக்கு ஆபரேஷன் ஆனதாகவே தெரியவில்லை.

ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளே போட்ட தையல் தானாகக் கரையும் நூல். சில வாரத்தில் அது கரைந்து துணுக்குத் துணுக்காக வெளியே வரும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ கொஞ்சம் கசிவும் நாலு, ஆறு வாரம் வரை இருக்கும். நூல் விட்டுப்போன இடத்தைத் தாங்க வேண்டியது அங்கே வளர்கிற நம் சதைதான். அது இறுகி பலம் பிடிக்க மூன்று மாதம் ஆகும் என்றார் என் டாக்டர். அதுவரை கனம் தூக்கினால், முக்கினால், விடாமல் இருமினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி நேராக அந்தத் தையல் மேல் போய் இறங்கும். முதல் ஆறு வாரம் 2 கிலோவுக்கு மேல் தொடாதீர்கள், மூன்று மாதம் வரை கனமான எதையும் நினைக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை என்கிற மருத்துவர்களும் இப்போது இருக்கிறார்கள். நான் என் டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். இது திரும்பவும் இறங்கக்கூடிய நோய். இன்னொரு முறை மேஜையில் படுக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆக, எந்த வீட்டில் நன்றாகக் கவனிப்பார்கள் என்பது கேள்வியே இல்லை. நாலாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நமக்கே தோன்றும்போது, எந்த வீட்டில் நாம் கனம் தூக்காமல் இருப்போம்? இதை மட்டும் வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

எங்கள் வீட்டில் கனம் என்றால் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையப் பிடித்தால் சுமார் 15 லிட்டர், அதாவது 15 கிலோ. மூன்று பிள்ளைகளையும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமாகப் பெற்ற உடம்பு இது. அதற்குப் பிறகு நாற்பது வருடம் இடுப்பில் குடம். 2019 கோடையில் ஏரியெல்லாம் வறண்டு, லாரி எப்போது வரும் என்று தெருமுனையில் காத்துக் கிடந்தோமே, அந்த வருடம்தான் அடியில் பந்து மாதிரி ஏதோ வந்து முட்டுவதை முதலில் உணர்ந்தேன். பிரசவம், வயது, மாதவிடாய் நின்ற பிறகு வரும் தளர்ச்சி, எல்லாம் சேர்ந்துதான் இது வருகிறது. குடத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் குடத்தைப் பார்த்தாலே எனக்குப் பயம் வந்துவிட்டது. பம்பு அடிப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு அடிக்கும் வயிறு இறுகும்.

மகள் வீட்டில் கனம் என்றால் பேரன். ஒன்றரை வயது, 11 கிலோ.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீருக்கு ஆள் வைக்கலாம். எங்கள் தெருவிலேயே ஒரு அம்மாவிடம் பேசி, தினம் எட்டுக் குடம் மேலே கொண்டுவந்து டிரம்மில் ஊற்ற மாதம் 2,500 ரூபாய்க்கு ஏற்பாடு செய்தேன். கையை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு என்ன ஏற்பாடு செய்வது?

நாலாவது வாரம் ஒருநாள் அந்த அம்மா வர நேரமாகிவிட்டது. எதிர்வீட்டுப் பையன் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். என் கை தானாகப் போய்க் குடத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டது. ஈரமும் குளிர்ச்சியும் கையில் பட்டதும்தான் உறைத்தது. விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து, சொம்பு சொம்பாக மொண்டு பக்கெட்டில் ஊற்றி, அரை பக்கெட்டாக உள்ளே கொண்டுபோனார். அரை மணி நேரம் ஆயிற்று. ஆகட்டுமே. தண்ணீர் காத்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் பேரனைப் பார்க்காமல் இருக்க முடியாமல் விம்கோ நகர் போனேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் லிஃப்டிலிருந்து லிஃப்டுக்குப் போய்விடலாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. முதல் இரண்டு நாள் கவனமாக இருந்தேன். நான் கட்டிலில் உட்கார்ந்த பிறகு மகள் அவனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விடுவாள். மூன்றாம் நாள் காலை மகள் குளிக்கப் போயிருந்தாள். நான் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்து புடவையைப் பிடித்து இழுத்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, "ஆயா" என்றான். அவ்வளவுதான். இடுப்பில் எடுத்துக்கொண்டேன். தூக்கினேன் என்பதே இறக்கிவிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கசிவில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது நேராக டாக்டரிடம்தான் போனேன். பார்த்துவிட்டு தையல் பத்திரமாக இருக்கிறது என்றார். சிவப்பு வந்தது தூக்கியதாலா, கரையும் நூலாலா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் நான்கு நாளில் ஒருமுறை தூக்கியவள், எட்டு வாரம் அங்கேயே இருந்திருந்தால் எத்தனை முறை தூக்கியிருப்பேன்? குடத்தின் கழுத்தைப் பிடித்த கையை எடுத்த நான், அவனிடமிருந்து எடுக்கவில்லை.

"அவனை நான் உன் பக்கமே விடமாட்டேன்" என்று மகள் சொன்னாள். சொல்லலாம். அவள் வேலைக்குப் போகிறவள். வீட்டில் ஆயா சும்மா இருக்கிறாள் என்று பிள்ளைக்கும் தெரியும், கதவைத் தட்டும் கூரியர்காரருக்கும் தெரியும். ஆறாவது வாரத்தில் என்னையறியாமல் பிள்ளை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கும். அவள் மேல் குறை சொல்லவில்லை; வீடு நடக்கிற விதம் அப்படி.

மலச்சிக்கலும் இதே அழுத்தக் கணக்கில்தான் சேர்த்தி. முக்கவே கூடாது. இந்த விஷயத்தில் மகள் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட் நல்லதுதான், மறுக்கமாட்டேன். நாங்கள் சர்ஜிக்கல் கடையில் நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கி, இந்தியன் டாய்லெட் மேலேயே போட்டுக்கொண்டோம். காலுக்குக் கீழே ஒரு குட்டி மணை. முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால் முக்காமலே போகும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். இருமலோ தும்மலோ வந்தால் மடித்த துணியை அடியில் வைத்துக் கையால் அழுத்திக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். இரண்டும் மாத்திரையைவிட எனக்கு உதவின.

மகள் வீட்டில் குளியலறை ஒன்றுதான். மாப்பிள்ளை தங்கமானவர். ஆனாலும் அவர் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் நான் உள்ளே போய் அரைமணி உட்கார முடியுமா? வந்த வேகத்தை அடக்கிக்கொண்டேன். அந்த நான்கு நாளில் இரண்டு நாள் சரியாகப் போகவில்லை. நாப்கினை எங்கே போடுவது என்பதும் ஒரு கூச்சம். என் வீட்டில் அந்தக் கவலையே இல்லை. வெட்கப்பட்டு ஆறு வருடம் மறைத்த வியாதியை இன்னொரு முறை மறைத்து மறைத்து வாழ எனக்கு இஷ்டமில்லை.

சாப்பாடு இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஒரு விஷயம் மட்டும். தண்ணீரைக் குறைத்துக் குடி, கீரை வேண்டாம், தையலுக்கு ஆகாது என்று பத்தியம் சொல்பவர்கள் எல்லா வீட்டுக்கும் வருவார்கள். இந்த ஆபரேஷனுக்கு அது நேர் எதிர். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, ராத்திரி ஒரு பூவன் பழம், நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்றுதான் நான் ஓட்டினேன். பிரஷர் மாத்திரை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மூலம் எங்கள் வீட்டுக்கே வருகிறது. அதற்காக அலைய வேண்டியிருக்கவில்லை.

செலவு எங்கள் வீட்டில்தான் அதிகம். தண்ணீருக்கு ஆள், நாற்காலி, துணி துவைக்கத் தனி ஆள், முதல் மூன்று வாரம் மதியச் சாப்பாடு வெளியில் சொல்லி வைத்தது என்று எல்லாம் சேர்ந்து மூன்று மாதத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டியது. மகள் வீட்டில் எதுவும் ஆகியிருக்காது. அந்தப் பணம் கையில் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. குடத்தைத் தூக்க ஆளில்லாத வீட்டில் தனியாக இருப்பதைவிட, பேரன் இருக்கிற மகள் வீடு எவ்வளவோ மேல். தனியாக இருக்கும் பெண்களுக்கும் அப்படியே. முதல் வாரம் ராத்திரியில் எழுந்து டாய்லெட் போகக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஒருவர் கட்டாயம் வேண்டும். எனக்கு வீட்டுக்காரர் இருந்தார். பேரப்பிள்ளை பெரியவனாகி, தூக்கச் சொல்லும் வயதைத் தாண்டியிருந்தால் நானே மகள் வீட்டுக்குத்தான் போயிருப்பேன். மகன் வீடு, மருமகள் என்று இருப்பவர்கள் பற்றி எனக்கு அனுபவமில்லை. வயிற்றைத் திறந்தோ, துளைபோட்டு வலை வைத்தோ செய்துகொண்டவர்களின் தேறுதல் காலமும் எனக்குத் தெரியாது. உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

எந்த வீட்டில் இருந்தாலும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரியில் யார் கூட்டிப்போவார்கள் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சிவப்பாக ரத்தம் கொட்டினாலோ, கசிவு நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூத்திரம் போகாமல் அடைத்துக்கொண்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். அதனால் கட்டிலில் இருக்கும்போதும் பாதத்தை ஆட்டச் சொன்னார்கள், வீட்டுக்குள் நடக்கச் சொன்னார்கள். படி ஏறலாமா என்று பயந்துகொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறலாம் என்றார்கள். பதினாறு படியும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

போன வாரம் செக்கப் போனேன். நன்றாக ஆறியிருக்கிறது, இடுப்படித் தசையை இறுக்கி விடும் பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர். பேரனைத் தூக்கலாமா என்று கேட்டேன். "நீங்க உக்காந்துக்கங்க, அவன் ஏறி மடிக்கு வரட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மகள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் தண்ணீர் மொள்ளும் அதே முக்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன். முட்டியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, தானே ஏறி வந்துவிட்டான். தண்ணீர் கொண்டுவரும் அம்மாவை நான் இன்னும் நிறுத்தவில்லை.