நண்பருக்கு முதலில் எதைக் கொடுப்பது: நாவலா, விளக்க நூலா?

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிப் பேச நண்பருக்கு ஒரு புத்தகம் கொடுக்க நினைத்தால், ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் எழுதிய இரண்டு நூல்கள் என் நினைவுக்கு வரும். ஒன்று, 1950-இல் வெளிவந்த ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ என்ற நாவல். மற்றது, 1952-இல் வந்த ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ என்ற, அந்த விசுவாசத்தை விளக்கும் நூல்.

நாவலை யாருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். இனிப்பின் ஆசையில் எட்மண்ட் என்ற சிறுவன் கூடப் பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறான். அவனுக்குரிய மரணத்தை அஸ்லான் என்ற சிங்கம் தானாக ஏற்கிறது. எதிரிகள் அதன் பிடரி மயிரை மழித்து, கட்டிப்போட்டு, கல்மேசையின் மேல் கிடத்திக் கொல்கிறார்கள். சிலுவையின் கதையை அறிந்தவருக்கு அந்தப் பக்கங்களில் தொண்டை அடைத்துக்கொள்ளும்; அறியாதவருக்கும் கண் கலங்கும். அஸ்லான் யாரைக் குறிக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே விளக்கிவிடாதீர்கள். கதையின் உயிரே போய்விடும்.

‘மியர் கிறிஸ்டியானிட்டி’, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லூயிஸ் பிபிசி வானொலியில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவானது. சரி, தவறு என்ற உணர்வு நமக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் தொடங்குகிறது. வாதாடிப் பார்க்க விரும்பும் நண்பருக்கு அருமையான நூல். கேட்காதவரிடம் நீட்டினால் பிரசங்கமாகத் தோன்றும். நட்பிலும் சங்கடம் வரும்.

என் தேர்வு நாவல்தான். “அந்தச் சிங்கம் ஏன் சாக வேண்டும்?” என்று நண்பரே கேட்கும்போது மற்றதைக் கொடுங்கள். ஏற்கெனவே கேள்விகளோடு தவிப்பவர் என்றால், நேராக இரண்டாவதிலேயே தொடங்கலாம்.