இன்க்ஸ்கேப்பில் கிளிப்பும் மாஸ்க்கும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் ஒரு படத்தை வேண்டிய வடிவத்துக்குள் அடக்க கிளிப், மாஸ்க் என்று இரண்டு வசதிகள் இருக்கின்றன. செய்முறை இரண்டுக்கும் ஒன்றுதான். வெட்டும் வடிவத்தைப் படத்தின் மேல் வையுங்கள், இரண்டையும் தேர்ந்தெடுங்கள், ஆப்ஜெக்ட் மெனுவில் செட் கிளிப் அல்லது செட் மாஸ்க் கொடுங்கள். அடுக்கில் மேலே இருப்பதுதான் வெட்டும். வடிவம் அடியில் போயிருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து ஹோம் விசையை அழுத்தினால் மேலே வந்துவிடும்.

தொடர்ந்து பயன்படுத்துபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: கிளிப் போடும் முன் குரூப் செய்யுங்கள், உள்ளே இருப்பது ஒரே ஒரு படமாக இருந்தாலும் சரி. படத்துக்கு நேரடியாகக் கிளிப் போட்டால், படத்தை நகர்த்தும்போது கிளிப்பும் கூடவே போகும். வட்டத்துக்குள் முகம் கொஞ்சம் இடப்பக்கம் வர வேண்டும் என்றால் ரிலீஸ் செய்து (அதாவது கிளிப்பை எடுத்துவிட்டு), நகர்த்தி, மறுபடி போட வேண்டியதுதான். கண்ட்ரோல்+ஜி அழுத்திக் குரூப் ஆக்கி, அந்தக் குரூப்புக்குக் கிளிப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. டபுள் கிளிக் செய்து உள்ளே போய் படத்தை மட்டும் தள்ளலாம். வட்டம் இருந்த இடத்திலேயே நிற்கும். பல பொருள்களைக் குரூப் செய்யாமல் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் கிளிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிளிப் உருவாகிவிடும். பிறகு வடிவத்தைத் திருத்த நேர்ந்தால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பிரிஃபரன்சஸில் கிளிப், மாஸ்க்குக்கான பகுதியில் தானாகவே குரூப் செய்துகொள்ளும் அமைப்பு இருக்கிறது. அதை ஒருமுறை போட்டுவிடுவது நல்லது.

வெட்டிய வடிவத்தைத் திருத்த ரிலீஸ் தேவையில்லை. கோட்டின் புள்ளிகளைத் திருத்தும் நோட் கருவியை எடுத்து, மேல்பட்டையில் கிளிப்பைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் அதன் கோடு தெரியும். நோட்களை அங்கேயே இழுக்கலாம்.

கிளிப் வடிவத்தின் உருவத்தை மட்டுமே பார்க்கும். அதன் நிறம், ஒளிபுகுமை, ஸ்ட்ரோக்கின் (விளிம்புக் கோட்டின்) தடிமன் எதையும் கணக்கில் எடுக்காது. தடித்த கோட்டையே கிளிப்பாக்க வேண்டுமானால் முதலில் பாத் மெனுவில் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து அந்தக் கோட்டை வடிவமாக்குங்கள். நடுவில் ஓட்டை உள்ள வடிவத்தில் இன்னொரு சிக்கல் வரும். திரையில் வளையமாகத் தெரிவது கிளிப் போட்டதும் முழு வட்டமாக வெட்டலாம். காரணம், இன்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு முறையில் நிறம் நிரப்புவதற்கும் கிளிப்புக்கும் தனித்தனி விதிகள் உண்டு. உள்கோடும் வெளிக்கோடும் ஒரே திசையில் ஓடினால் கிளிப் விதி ஓட்டையை அடைத்துவிடும். உள்கோட்டின் திசையை மட்டும் ரிவர்ஸ் செய்தால் சரியாகிவிடும்.

மாஸ்க் வெளிச்சத்தைப் பார்க்கும். வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும். நிறம் கொடுத்தால் அதன் ஒளிர்வுதான் கணக்கு: தூய பச்சை சுமார் 72%, சிவப்பு 21%, நீலம் 7% மட்டுமே காட்டும். மாஸ்க் போட்டதும் படமே காணவில்லை என்ற குழப்பம் பெரும்பாலும் கிரேடியன்ட்டில்தான் (படிப்படியாக மாறும் நிறத்தில்) தொடங்குகிறது. கறுப்பு வடிவத்துக்கு கிரேடியன்ட் கொடுத்தால், அது கறுப்பில் தொடங்கி ஒளிபுகும் கறுப்பில் முடியும். அதில் எங்குமே வெளிச்சம் இல்லாததால் முழுப்படமும் மறைகிறது. வடிவத்தை முதலில் வெள்ளையாக்கிவிட்டு கிரேடியன்ட் போடுங்கள்.

ஓரம் மென்மையாகக் கரைய வேண்டுமானால் வெள்ளை வடிவத்துக்கு பிளர் கொடுத்து மாஸ்க் ஆக்கலாம். பிளர் உள்ளே பரவும் அளவுக்கு வெளியேயும் பரவும். ஆகவே வடிவம் படத்தின் விளிம்போடு ஒட்டி இருந்தால் பாதிக் கரைவிலேயே படம் முடிந்து, ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். வடிவத்தைச் சற்று உள்ளே சுருக்குங்கள். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது பிளர் பிக்சல்களாக மாறும்; அச்சுக்குப் போகும் வேலை என்றால் சேமிக்கும் பெட்டியில் 300 டிபிஐ கொடுங்கள். ஓரம் கூர்மையாக இருந்தால் போதும் என்ற இடத்தில் மாஸ்க் வேண்டாம். கிளிப் இலகுவானது, பிற மென்பொருள்களிலும் சிக்கலில்லாமல் திறக்கும்.

வடிவத்துக்கு வெளியே உள்ளதை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மறைக்க, 1.0 பதிப்பு முதல் செட் இன்வர்ஸ் இருக்கிறது.

இரண்டுமே மறைக்கின்றன, எதையும் அழிப்பதில்லை என்பதைக் கோப்பை அனுப்பும் முன் நினைவில் வையுங்கள். அடையாள அட்டையின் எண்ணைக் கிளிப் போட்டு மறைத்து எஸ்விஜியாக அனுப்பினால், பெறுபவர் ரிலீஸ் கொடுத்து முழுவதையும் பார்த்துவிடலாம். ஆல்ட்+பி (B) அழுத்தி பிட்மேப் (பிக்சல் படம்) நகல் எடுத்து, மூலத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள். கோப்பின் எடையும் குறையலாம். வினைல் கட்டர், லேசர் இயந்திரங்களின் மென்பொருள்கள் பல கிளிப்பைப் பொருட்படுத்தாமல் மறைந்திருக்கும் கோட்டையும் வெட்டிவிடும். அந்த வேலைக்குக் கோட்டையே உண்மையில் வெட்டும் வசதிகள் வேண்டும்: பாத் மெனுவின் இன்டர்செக்‌ஷன், திறந்த கோடுகளுக்கு கட் பாத், பல வடிவங்கள் பின்னிக் கிடந்தால் 1.3 பதிப்பில் வந்த ஷேப் பில்டர். வெட்டிய பின் கண்ட்ரோல்+5 அழுத்தி, கோடுகள் மட்டும் தெரியும் அவுட்லைன் பார்வையில் ஒருமுறை பாருங்கள். மிச்சமிருக்கும் கோடு அங்கே அப்படியே தெரிந்துவிடும்.