100 மீட்டர் டிப் மீட்டர்: கண்காணிப்புக் கிணற்றுக்கு வாங்கலாம், ஓடுகிற போர்வெல்லுக்கு வேண்டாம்

கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி டிப் மீட்டர். கண்காணிப்புக் கிணறு என்பது நீர்மட்டத்தை அவ்வப்போது அளந்து பதிவதற்கான கிணறு. சுருளில் சுற்றிய தட்டை டேப், அதற்குள் இரண்டு ஸ்டீல் கம்பி, நுனியில் 16 மி.மீ. விட்டத்தில் ப்ரோப், 9 வோல்ட் பேட்டரி, பஸ்ஸர். கருவி இவ்வளவுதான். ப்ரோப் தண்ணீரைத் தொட்டதும் சர்க்யூட் சேர்ந்து சத்தம் வரும். சாக்பீஸ் தடவிய ஸ்டீல் டேப்பை இறக்கி, நனைந்த இடத்தைத் தேடும் வேலை மிச்சம்.

அளப்பதில் ஒழுங்கு வேண்டும். கேசிங் (கிணற்றுக்குள் இறக்கிய குழாய்) விளிம்பில் பெயின்ட் குறி வைத்து, எப்போதும் அதே இடத்தில் டேப்பைப் பிடியுங்கள். சத்தம் வந்ததும் சற்றே தூக்கி, மெல்ல இறக்கி, சத்தம் தொடங்கும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். மூன்று தடவையும் 5 மி.மீ.க்குள் ஒத்துவந்தால்தான் பதிவேட்டில் எழுதலாம். டேப் 12.46 மீட்டர் காட்டி, கேசிங் தரைக்கு மேல் 0.60 மீட்டர் நின்றால், நீர்மட்டம் தரையிலிருந்து 11.86 மீட்டர் ஆழம். இந்தக் கழித்தலை மறப்பதுதான் பதிவேடுகளில் அடிக்கடி பார்க்கும் பிழை.

குறைகளும் உண்டு. கேசிங் சுவரில் கசியும் ஈரம் பட்டாலே பஸ்ஸர் கத்தும். சென்சிடிவிட்டி திருகைக் குறைத்தால் சரியாகும். கடலோர உப்புநீரில் இது இன்னும் முக்கியம். அங்கே அளந்தபின் ப்ரோப்பை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் மின்முனையில் உப்பு படிந்துவிடும். மோட்டார் இறக்கிய போர்வெல்லில் டெலிவரி பைப்புக்கும் கேசிங்குக்கும் நடுவே டேப் கேபிளைச் சுற்றிக்கொண்டால், ப்ரோப் திரும்பி வருவது சந்தேகம். மேலிருந்து வழியும் தண்ணீரும் பொய்ச் சத்தம் கொடுக்கும்.

பெரிய ஆபத்து ரிப்பேரில்தான். ப்ரோப் அருகே டேப் அறுந்தால் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். 12 செ.மீ. வெட்டப்பட்டால், அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு அளவும் 12 செ.மீ. அதிக ஆழம் காட்டும். மழைக்கு முந்தைய மே, மழைக்குப் பிந்தைய ஜனவரி அளவுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும்போது, இறங்காத நீர்மட்டம் இறங்கியதாகத் தெரியும். அதை நம்பி ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீர் நிலவரத்தையே தப்பாகக் கணிக்க நேரும்.

வாங்கும்போது பூஜ்யக் குறி ப்ரோப்பின் அடிநுனியில் இருக்கிறதா, மின்முனை தண்ணீரைத் தொடும் புள்ளியில் இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரில் சோதியுங்கள். மின்முனையில் இருப்பதே சரி. 30 மீட்டர் ஸ்டீல் டேப்போடு பக்கத்தில் விரித்து ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சுருளிலேயே எழுதி ஒட்டுங்கள். மழைக்காலத்தில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.