லித்தியம் அளவா, புது ரத்தக் குறியீடுகளா?

தம்பிக்கு பைபோலார் (மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) என்று டாக்டர் சொல்லி, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை தொடங்கியபோது வீட்டில் இரண்டு பேச்சு ஓடியது. ரத்தத்திலுள்ள மூலக்கூறுகளை வைத்து நோயையே உறுதிசெய்யும் புதுப் பரிசோதனையைத் தேடிப் போவதா, ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனையை மட்டும் ஒழுங்காகப் பார்ப்பதா? இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம். இரண்டு வருஷம் ஆகிறது.

புதியதன் பக்கமும் நியாயம் உண்டு. பைபோலார் உள்ள பலர் முதலில் மனச்சோர்வோடுதான் டாக்டரிடம் போகிறார்கள். அதற்கு மட்டும் மருந்து கொடுத்தால் சிலருக்கு மேனியா, அதாவது அந்த அளவுமீறிய உற்சாகம், கிளம்பிவிடும். 2023இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உலர்ந்த ரத்தத் துளியில் செராமைடு போன்ற கொழுப்புகளை அளந்து மனச்சோர்வையும் பைபோலாரையும் பிரித்துப் பார்த்தார்கள். ரத்தத்தை மட்டும் வைத்துப் பிடிபட்ட பைபோலார் சுமார் 30 சதவீதம் வரைதான். குறியீடாகப் பார்க்கப்படும் இன்னொன்றான பிடிஎன்எஃப் என்ற மூளை வளர்ச்சிப் புரதமோ சோர்விலும் குறைகிறது, மேனியாவிலும் குறைகிறது. தம்பிக்கு நோயின் பெயர் தெரிந்துவிட்டது. எங்களுக்கு வேண்டியது அடுத்த மாத மாத்திரைக்கு வழி.

அதை லித்தியம் அளவு சொல்கிறது. செலவு சில நூறு ரூபாய்தான், ஆனால் பராமரிப்பு வேலை அதிகம். ராத்திரி 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு ரத்தம்: 12 மணி நேரக் கணக்கு. ஒருமுறை தம்பி காலை மாத்திரையையும் போட்டுக்கொண்டு லேபுக்கு வந்துவிட்டான். 1.3 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) என்று வந்தது, பதறிப்போனோம். மறுவாரம் சரியாக எடுத்தால் 0.8. பொதுவாக 0.6 முதல் 1.0 வரை வைத்திருப்பார்கள்; 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. ரத்தம் எடுக்கும் குழாயையும் கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் கலந்த குழாய் என்றால் அந்த லித்தியமும் கணக்கில் ஏறிவிடும்.

சென்னையில் மே மாதம்தான் சோதனைக் காலம். வியர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போன அக்னி நட்சத்திரத்தில் பல்வலிக்கு இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை வேறு போட்டான். அதுவும் அளவை ஏற்றும். டம்ளரைப் பிடித்த கை நடுங்கியதைப் பார்த்ததும் டாக்டருக்குப் போன் செய்தேன். அன்றே ரத்தம் எடுக்கச் சொன்னார். 1.2. வலி மாத்திரையை நிறுத்தி, லித்தியத்தையும் குறைத்தார். அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும் தைராய்டுக்கு டிஎஸ்எச்சும் பார்க்கிறோம்.

ஒரே ஒருவனை வைத்துச் சொல்கிறேன். சோர்வா பைபோலாரா என்றே முடிவாகாமல் அலைகிற குடும்பத்துக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.