பிஏபி1 சி-4 ஆன்டிபாடி: பெரிட்டோனியல் மீசோதீலியோமாவில் எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

பெரிட்டோனியல் மீசோதீலியோமா என்பது வயிற்றின் உள்ளுறையில் (பெரிட்டோனியம்) உள்ள மீசோதீலிய செல்களில் தோன்றும் புற்றுநோய். அதில் பல கட்டிகளில் பிஏபி1 என்ற புரதம் நியூக்ளியஸிலிருந்து காணாமல் போகும். அந்தப் புரதத்தைத் திசு ஸ்லைடில் நிறமேற்றிக் காட்டுவது, சாண்டா குரூஸ் பயோடெக்னாலஜி நிறுவனத்தின் சி-4 என்ற எலி மோனோக்ளோனல் ஆன்டிபாடி. அழற்சியால் பெருகிய சாதாரண மீசோதீலிய செல்களா, புற்றுநோயா என்று பிரித்துப் பார்க்கும் வேலைக்குத் தயங்காமல் வாங்கலாம். நோயாளியின் ஆயுளைக் கணிக்கும் மார்க்கராக மட்டும் இதை வாங்காதீர்கள்.

இதன் பெரிய பலம், கன்ட்ரோல் (நிறமேற்றம் வேலை செய்ததா என்று காட்டும் சாதாரண செல்கள்) அதே ஸ்லைடிலேயே இருப்பதுதான். லிம்ஃபோசைட்டுகளின் நியூக்ளியஸும் ரத்தநாள உட்சுவர்ச் செல்களின் நியூக்ளியஸும் பழுப்பாகத் தெரிய வேண்டும். அவை பழுப்பாகி, பக்கத்திலுள்ள கட்டிச் செல்களின் நியூக்ளியஸ் வெறும் நீலமாக நின்றால் பிஏபி1 இழப்பு உறுதி. சைட்டோபிளாசத்தில் மட்டும் நிறம் ஏறியிருந்தால் அதுவும் இழப்புதான். பலர் இதை பாசிட்டிவ் என்று எழுதிவிடுகிறார்கள். லிம்ஃபோசைட்டே நிறம் பிடிக்காத பகுதியைப் படிக்கவே கூடாது. திசு ஃபார்மலினில் அளவுக்கு மீறி ஊறியிருக்கலாம், அல்லது வெட்டிய செக்‌ஷன் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். புதிதாக 4 மைக்ரான் வெட்டி மறுபடி போடுங்கள்.

ஈடிடிஏ பிஹெச் 9 கரைசலில் சூடாக்கி, ஃபார்மலின் மறைத்த புரதத்தை வெளிக்கொண்டுவரும் ரிட்ரீவலோடு 1:50 நீர்ப்பில் தொடங்கி, உங்கள் மெஷினுக்கு ஏற்ப டைட்ரேட் செய்யுங்கள் (நீர்ப்பை மாற்றி மாற்றிப் பாருங்கள்). செறிவைக் கூட்டினால் பின்னணி அழுக்காகி, இழப்பு மறைந்துபோகும்.

இரண்டு எல்லைகள் உண்டு. பிஏபி1 அப்படியே இருப்பதால் மீசோதீலியோமா இல்லை என்று ஆகிவிடாது. இழப்பு கண் மெலனோமாவிலும் சிறுநீரகப் புற்றிலும் வரும் என்பதால், கட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் இது சொல்லாது. அதற்கு மீசோதீலியத்தைக் காட்டும் மார்க்கர்களான கால்ரெட்டினின், டி2-40 ஒரு பக்கம், கார்சினோமாவைக் காட்டும் கிளாடின்-4, பெர்-ஈபி4 மறுபக்கம் என்று முதலில் போட வேண்டும். டபிள்யூடி1 என்ற இன்னொரு மீசோதீலிய மார்க்கர் இருக்கிறது; ஆனால் சூலகம் சார்ந்த சீரஸ் கார்சினோமாவும் அதில் பாசிட்டிவ் என்பதால், பெண்களிடம் அந்த ஒன்றை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுதுவது ஆபத்து.

கணிப்புக்கு வருவோம். பெரிட்டோனியத்தில் பிஏபி1 இழப்புக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு இன்னும் தெளிவாகவில்லை. கனமான தகவல் திசு வகையில்தான் இருக்கிறது: எபிதீலியாய்டு (உறைச் செல் போன்ற வகை) என்றால் நிலைமை மேல்; சார்கோமட்டாய்டு (நீண்ட, கதிர் வடிவச் செல் வகை), பைஃபேசிக் (இரண்டும் கலந்தது) என்றால் மோசம். சின்ன பயாப்சியில் சார்கோமட்டாய்டு பகுதி தவறிப்போகும், ஆகவே பல இடங்களில் எடுத்த திசுவைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கேஐ-67, அதாவது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் சதவீதத்தைக் காட்டும் மார்க்கர். சைட்டோரிடக்டிவ் அறுவையும் (கட்டியை முடிந்தவரை வெட்டி நீக்குவது) ஹைபெக்கும் (வயிற்றுக்குள் சூடான கீமோதெரபி மருந்து செலுத்துவது) திட்டமிடும் குழுக்கள் 9% எல்லையைப் பார்ப்பதால், கண்ணளவில் 'ஏறத்தாழ 10%' என்று எழுதுவது நோயாளிக்கு அநியாயம். 100 செல் எண்ணி 9 பாசிட்டிவ் என்றால் உண்மை அளவு 5 சதவீதமாகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம். 1000 எண்ணினால் அந்த இடைவெளி ஏறத்தாழ 7இலிருந்து 11ஆகச் சுருங்கும். ஊடே நிற்கும் லிம்ஃபோசைட்டுகளை எண்ணிக்கையில் சேர்த்தால் சதவீதம் பொய்யாகிவிடும்.

சி-4 குப்பியை 4 டிகிரியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தால், இழப்பு உறுதியான பழைய பிளாக் (மெழுகில் பதித்த திசு) ஒன்றிலும் பிஏபி1 உள்ள பிளாக் ஒன்றிலும் போட்டுப் பார்த்த பிறகே நோயாளி ஸ்லைடில் கை வையுங்கள்.